இன்டர்மிட்டன்ட் ஃபால்ட்: லூஸ் கான்டாக்ட் வேற, இது வேற

வோல்ட், ஓம்ஸ்லாம் அளக்குற மல்டிமீட்டர் ஒரு தடவ சரியா காட்டும், அடுத்த தடவ நம்பர் கண்டபடி ஓடும், ஒரு தட்டு தட்டுனா மறுபடி சரியாயிடும். தொண்டியில இருந்து பாம்பன் வரைக்கும் யார்கிட்ட கேட்டாலும் இதுக்கு ஒரே பேருதான், லூஸ் கான்டாக்ட். சர்வீஸ் பண்றவங்க படிக்கிற மேனுவல்ல இருக்குற பேரு இன்டர்மிட்டன்ட் ஃபால்ட். ரெண்டும் ஒண்ணு இல்லங்க. பழுது எப்படி நடந்துக்குதோ அதுக்குப் பேரு இன்டர்மிட்டன்ட், லூஸ் கான்டாக்ட் அதுக்கான காரணங்கள்ல ஒண்ணு, அவ்ளோதான்.

சொல்லு லத்தீன்ல இருந்து வந்தது. இன்டர்னா இடையில, மித்தெரேன்னா விடுறது, அனுப்புறது. நாம "விட்டு விட்டு"ன்னு சொல்றோம்ல, கிட்டத்தட்ட அதேதான். மலேரியா மாதிரி வந்து வந்து போற காய்ச்சலுக்கும் டாக்டருங்க இதே சொல்லத்தான் வச்சாங்க, தமிழ்ல அது முறைக்காய்ச்சல். அதுக்காக மீட்டருக்கு "முறைப்பழுது"ன்னு வச்சிட முடியாது, முறைக்காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள்னு கணக்கா வரும், மீட்டர் எப்ப காலை வாரும்னு யாருக்குத் தெரியும்? "இடைவிடாத மழை"ன்னு பேப்பர்ல போடுறாங்கல்ல, அதத் திருப்பிப் போட்டா "இடைவிட்ட பழுது". எழுதுறதுக்கு எனக்குப் பிடிச்சது இதுதான். பேச்சுல "விட்டு விட்டு வர்ற பழுது" போதும். சிலர் "தற்காலிகப் பழுது"ன்னு எழுதுறாங்க, அது வேண்டாம், தற்காலிகம்னா வந்துட்டுப் போயிடும், இது போறதே இல்ல, ஒளிஞ்சுக்கும்.

பேர்ல என்ன இருக்குன்னு கேப்பீங்க. லூஸ் கான்டாக்ட்னு முடிவு பண்ணிட்டா உடனே ஸ்க்ரூவ முறுக்குவோம், சால்டர் வைப்போம். ஆனா நம்ம கடக்கரையில பல சமயம் எதுவுமே லூஸா இருக்காது, இறுக்கமாத்தான் இருக்கும், நடுவுல உப்பு உக்காந்திருக்கும். காரைக்குடியில இருக்குற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதான் சிக்ரிக்காரங்க, உலோக அரிப்ப சோதிக்க மண்டபத்துல இடம் புடிச்சது சும்மா இல்ல. கடலுப்புல இருக்குற மக்னீசியம் குளோரைடு காத்துல உள்ள ஈரத்த இழுத்துக்கும், அதனால போட்டுல பேட்டரி, டைனமோ பாக்க வச்சிருக்குற மீட்டர் விடியக்காலையில உளறும், உச்சி வெயில்ல காஞ்ச பெறகு ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கும்.

கண்டுபுடிக்க முதல்ல மீட்டரோட ஒயர்ல ஆரம்பிங்க. மீட்டர 200 ஓம்ஸ்ல வச்சு ரெண்டு முனையையும் சேத்துப் புடிச்சா அரை ஓம்முக்குள்ள காட்டணும், அப்படியே புடிச்சுக்கிட்டு ப்ளக் பக்கத்துலயும் கைப்புடி பக்கத்துலயும் ஒயர வளைங்க, நம்பர் எகிறுனா உள்ள கம்பி அறுந்திருக்கு, மேல ரப்பர் மட்டும் நல்லாருக்கும். ஒயர் சரின்னா அடுத்து 9 வோல்ட் பேட்டரி மாட்டுற க்ளிப்ல பச்சைக் களிம்பு இருக்கான்னு பாருங்க. அடுத்து திருகுற ஸ்விட்ச், பத்து இருவது தடவ இப்படியும் அப்படியும் திருப்புனதும் சரியானா அழுக்கு அங்கதான். முனைய ரெண்டையும் கழட்டிட்டு மூடியத் தொறந்து ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல தொடைக்கலாம், உப்புத்தாள் மட்டும் போடாதீங்க, பூச்சு போயிட்டா இன்னும் சீக்கிரம் களிம்பேறும். டிஸ்ப்ளேல கோடு கோடா காணாமப் போனா அது அளவுல வர்ற கோளாறே இல்ல, கண்ணாடிக்குக் கீழ இருக்குற ரப்பர் பட்டை, அதையும் ஆல்கஹால்லயே தொடைச்சு மாட்டலாம்.

சரியாகுற வரைக்கும் அந்த மீட்டர் ஜீரோ காட்டுதுன்னு கரண்ட் லைன்ல கை வைக்காதீங்க. ஓடுற ஒரு ப்ளக் பாயின்ட்ல வச்சு 230 வோல்ட் பக்கமா காட்டுதான்னு பாத்துட்டு, வேல பாக்குற லைன்ல வச்சுப் பாத்துட்டு, மறுபடியும் அதே ப்ளக் பாயின்ட்ல ஒருவாட்டி பாத்துக்கங்க.