புற்றுக்காளான் ஏன் போன வருடத்து இடத்திலேயே முளைக்கிறது?

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். இடியோடு மழையும் வருவதால் அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. ஆனால் காட்டில் காளான் பறித்துப் பழகியவர்கள் மழை பெய்ததும் கண்ட இடமெல்லாம் தேடி அலைவதில்லை. போன வருடம் எந்தப் புற்றோரம் பறித்தார்களோ, நேராக அங்கேயே போவார்கள். மழை சொல்வது எப்போது முளைக்கும் என்பதைத்தான். எங்கே முளைக்கும் என்பது, மண்ணுக்கடியில் அந்தக் காளானுக்குச் சோறு போடுவது யார் என்பதைப் பொறுத்தது.

நாம் பறிக்கும் குடை, மரத்தில் காய் காய்ப்பது மாதிரி. உண்மையான உயிரி ஆண்டு முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வெள்ளைப் பூஞ்சை இழைவலைதான். புற்றுக்காளானின் இழைவலை வெறும் மண்ணில் வாழ்வதில்லை. கரையான் கூட்டுக்குள் வாழ்கிறது. நம் பக்கத்தில் பெரும்பாலும் ஓடன்டோடெர்மிஸ் இனக் கரையான்களின் கூடுகளில்.

கூட்டைத் திறந்தால் கடற்பஞ்சு போல மடிப்பும் துளையுமான பழுப்பு நிறக் கட்டிகள் அறை அறையாக இருக்கும். இவைதான் பூஞ்சைத் தோட்டம். வேலைக்காரக் கரையான்கள் சருகையும் காய்ந்த மரத்தையும் தின்றுவிட்டு வந்து, அரைகுறையாகச் செரித்த எச்சத்தைக் கட்டியின் மேல்பக்கத்தில் அப்பிவிடும். அந்த எச்சத்தில் பூஞ்சையின் வித்துகளும் கலந்தே இருக்கும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைக் கரையானால் எளிதில் செரிக்க முடியாது, அதைப் பூஞ்சை உடைக்கிறது. சில நாட்களில் கட்டியின் மேல் கடுகளவு வெள்ளை முண்டுகள் தோன்றும். இளம் வேலைக்காரர்கள் அவற்றைத் தின்பதால் வித்து அவற்றின் குடல் வழியாக அடுத்த அடுக்குக்குப் போய்ச்சேர்கிறது. கட்டியின் அடிப்பகுதி நன்றாக மக்கிப் பதமானதும் மூத்த கரையான்கள் அதைத் தின்னும். மேலே நடவு, கீழே அறுவடை.

களையும் உண்டு. சைலேரியா வகைப் பூஞ்சை கட்டிக்குள் எப்போதும் ஒளிந்திருக்கிறது. கரையான்கள் இருக்கும்வரை அது தலைதூக்க முடியாது. அவற்றை அகற்றிவிட்டுக் கட்டியை மட்டும் ஈரத்தில் வைத்தால் சில நாட்களில் சைலேரியா மூடிவிடும். புற்றுக்காளானைச் சிப்பிக்காளான் போலக் கொட்டகையில் வளர்த்து விற்கவும் முடிவதில்லை: இழையை ஆய்வகத்தில் வளர்க்கலாம், குடை விரிய வைப்பதுதான் கைகூடவில்லை.

மழை மண்ணில் ஊறியதும் கட்டியிலிருந்து ஒரு தண்டு மேல்நோக்கிக் கிளம்பும். கூடு ஆழத்தில் இருந்தால் வேர் போன்ற அந்த அடித்தண்டு இரண்டு மூன்று அடிகூட நீளும். இறுகிய புற்று மண்ணைத் துளைக்கக் குடையின் உச்சியில் கூரான முனை உண்டு. விரிந்த பிறகும் அது நடுவில் குமிழாகத் தெரியும். எல்லாக் கூட்டுக்கும் மேடு இருக்காது என்பதையும் கவனிக்க வேண்டும். சமதரையில் தனியாக நிற்கும் காளானுக்குக் கீழேயும் கூடு இருக்கும். மைக்ரோகார்பஸ் என்ற சின்ன வகை மட்டும் வேறு: கரையான்கள் கட்டித் துணுக்குகளைத் தரைக்குக் கொண்டுவந்து போட, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குடைகள் நூற்றுக்கணக்கில் விரியும்.

சிறகு முளைத்த கரையானான ஈசல் பறக்கும் காலமும் இதில் சேர்ந்தது. முதல் மழையில் பறந்த ஈசல் சோடி, பெரும்பாலான இனங்களில், பூஞ்சையைக் கையோடு கொண்டுபோவதில்லை. புதுக் கூட்டின் முதல் வேலைக்காரர்கள் இரை தேடி வெளியே வரும் வேளையில் காளான்கள் விரிந்து வித்துத்தூள் உதிர்ந்திருக்க வேண்டும். அதைச் சருகோடு பொறுக்கிக்கொண்டு போனால்தான் புதுத்தோட்டம். மைக்ரோடெர்மிஸ் போன்ற சிலவற்றில் மட்டும் ராணியே வித்தைச் சுமந்து செல்கிறது.

இந்தக் கூட்டுறவு சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தொடங்கியது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் தவிர வேறெங்கும் புற்றுக்காளான் இயற்கையாக இல்லை. பூஞ்சை வளர்க்கும் கரையான்கள் அமேசான் காட்டில் இல்லாததால் அங்கே காளானும் இல்லை. ஆப்பிரிக்காவின் டைட்டானிகஸ் வகைக் குடை ஒரு மீட்டர் அகலம்வரை விரியும். தென்னிந்தியாவில் நாம் சாப்பிடும் ஹெய்மி வகையை 1979-ல் பூஞ்சை ஆய்வாளர் கே. நடராஜன் விவரித்துப் பெயரிட்டார்.

இதே விதி மலை உச்சியில் வேறு வேடம் போடுகிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பைன் தோப்புகளில் வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புக் குடை, அமானிடா மஸ்காரியா, முளைக்கிறது. பக்கத்துச் சோலைக்காட்டில் தேடினால் கிடைக்காது. அதற்கு உணவு தருவது பைன் வேர்; அந்த வேர் நுனியை உறைபோல மூடிக்கொண்டு சர்க்கரை வாங்கி, பதிலுக்கு நீரும் பாஸ்பரசும் கொடுக்கிறது. பைன் வெளியிலிருந்து வந்தது, அதோடு இதுவும் வந்தது. சோலை மரங்கள் பெரும்பாலும் குடை விடாத வேறு வகை வேர்ப்பூஞ்சைகளோடு கூட்டு வைத்திருக்கின்றன. அழகாக இருக்கிறதே என்று இதைப் பறித்து வராதீர்கள், நஞ்சு.

அடையாளம் காண வித்துப்பதிவு உதவும். விரிந்த குடையின் தண்டை நறுக்கிவிட்டு, பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளில் மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, டம்ளரால் மூடி ஓர் இரவு விடுங்கள். புற்றுக்காளானின் தூள் வெளிர் இளஞ்சிவப்பு. புல்தரையில் வரும் குளோரோபில்லம் என்ற நஞ்சுக்காளானின் தூள் பச்சை. அதைச் சாப்பிட்டால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தி. அமானிடாக்களுக்கு வெள்ளை, அவற்றில் கொடியவை 6 மணி நேரத்துக்கு மேல் எதையும் காட்டாமல் இருந்து பிறகு கல்லீரலைத் தாக்கும், வேகவைத்தாலும் நஞ்சு போகாது. இளஞ்சிவப்பு வந்ததும் அடுப்பில் ஏற்றிவிடவும் கூடாது: நஞ்சுள்ள என்டோலோமா என்ற காளானுக்கும் அதே நிறம்தான். நீண்ட அடித்தண்டு கீழே கூட்டுக் கட்டியில் போய் முடிகிறதா என்பது கூடுதல் சான்று. அதற்காக ஒவ்வொன்றையும் தோண்டினால் கட்டி உடைந்து அறை சிதையும். ஒன்றில் பார்த்துவிட்டு, மற்றவற்றைத் தரைமட்டத்தில் நறுக்கிக்கொள்வதே போதும்.

புற்றில் குடைக்குப் பதிலாகக் கரி பூசிய விரல்கள் போன்ற ஒல்லிக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது சைலேரியா. கரையான்கள் அனேகமாகக் கூட்டை விட்டுப் போய்விட்டன. அடுத்த மழைக்கு அங்கே போக வேண்டியதில்லை.