ஓட்டாத வண்டியின் ஏக்கம்

தூக்கம் வரவில்லை என்றுதான் அந்தப் பையன் ஆலோசனைக்கு வந்தான். வயது இருபத்திரண்டு. பேசப் பேசத்தான் தெரிந்தது, இரவு இரண்டு மணி வரை பழைய கியர் கார்களின் வீடியோ பார்க்கிறான். கற்றுக்கொண்டதே ஆட்டோமேட்டிக்கில்தான், கிளட்சை மிதித்ததுகூட இல்லை. "என்னுடைய எதையோ தொலைத்துவிட்ட மாதிரி இருக்கு. இது கிறுக்குத்தனமா?" என்று கேட்டான். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கிறுக்குத்தனம் இல்லை. போன காலத்தை நினைத்து ஏங்குவதை 'நாஸ்டால்ஜியா' என்கிறோம். அந்தச் சொல்லை 1688-ல் உருவாக்கிய மருத்துவ மாணவர் யோஹான்னஸ் ஹோஃபர் வீட்டு ஏக்கத்தை நோயாகத்தான் பார்த்தார். இன்று அப்படிப் பார்ப்பதில்லை. சரி, வாழாத காலத்தின் மேல் எப்படி ஏக்கம் வரும்? 2013-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கேரல் கிரம்ஹான்ஸல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இருபது வயதை ஒட்டிய மாணவர்களுக்குப் பல காலத்துப் பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் பிறக்கும் முன்பே, பெற்றோரின் இளமையில் வந்த பாடல்களோடும் அவர்களுக்குச் சொந்த நினைவுகள் ஒட்டியிருந்தன. வீட்டில் காதில் விழுந்து விழுந்து ஊறியவையாக அவை இருக்கலாம்.

"கிளட்ச் பற்றி உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன். அப்பாவாம். மேட்டில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது கிளட்சைப் பாதி விட வேண்டும், வண்டி லேசாக அதிரும், அந்த நொடியில் ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும். சொல்லும்போதே அவனுடைய இடது கால் தரையை அழுத்தி மெதுவாக மேலே வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பாவோடு இப்போது பேச்சு குறைந்துபோய்விட்டது என்றான்.

இப்படி ஏங்குகிற பிள்ளைகளைத் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். அந்த ஏக்கம் யாரிடமிருந்து வந்தது, அதில் இருக்கிற எது இன்றைக்குக் கிடைக்கவில்லை என்று கேளுங்கள். பிறர் சொல்லக் கேட்டு வாங்கிய நினைவில் நெரிசலில் கிளட்ச் மிதித்து மரத்துப்போகும் கால் இருக்காது. சிக்னலில் வண்டி ஆஃப் ஆகி, பின்னாலிருந்து ஹார்ன் அலறும் பதற்றமும் இருக்காது. அதனால்தான் நிகழ்காலம் அதன் முன் சோபையிழந்து தெரிகிறது. தூக்கம் கெடுகிறது, நண்பர்களைத் தவிர்க்கிறார்கள், 'தப்பான காலத்தில் பிறந்துவிட்டேன்' என்பது அன்றாடப் பேச்சாகிறது என்றால் தள்ளிப்போடாமல் ஆலோசகரிடம் அழைத்து வாருங்கள்.

அந்தப் பையன் கியர் வண்டி கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறான். முதல் நாள் ஏழெட்டுத் தடவை ஆஃப் ஆகிவிட்டதாம். பக்கத்து சீட்டில் அப்பா. தூக்கம் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறேன்.