கண்மாயில் எலும்பு கிடைத்தால் கழுவாதீர்கள்

போர்வெல்லுக்கு இடம் பார்ப்பது என் தொழில். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று மதுரையைச் சுற்றிக் கல்லையும் மண்ணையும் பார்த்தே இருபது வருடம் ஓடிவிட்டது. அதனால் தரைக்குள் எது கிடைத்தாலும் என் வாசலுக்கு வந்துவிடும். ஒருமுறை மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வண்டியில் உரச்சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்.

"டைனோசர் எலும்புண்ணே. கண்மாயில வண்டல் அள்ளும்போது கிடைச்சுச்சு."

தேய்த்துக் கழுவி, உடைந்ததைப் பசை போட்டு ஒட்டியும் இருந்தார். பார்த்தால் மாட்டுக் கால் எலும்பு. மேலே சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல் படிந்து கல்லாய்க் கனத்தது, அவ்வளவுதான்.

யானைமலை, நாகமலைப் பாறையெல்லாம் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. வயது 50 கோடி ஆண்டுக்கும் மேல். டைனோசர் பிறப்பதற்கு வெகு முன்னால். அதில் எலும்பு தேடுவது வீண் வேலை.

அரியலூர் கதை வேறு. அங்கே கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பேருடல் பல்லி என்று பொருள். கால் எலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர் நீளம்! முதலில் ஊனுண்ணி என்றுதான் நினைத்தார்கள். பிறகுதான் நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று ஆனது. எடை 100 டன்னைத் தாண்டும் என்பாரும் உண்டு. கல்லான மரத்தைப் பார்த்து ஏமாந்தார்களோ என்று கேட்டவர்களும் உண்டு.

சந்தேகத்தைத் தீர்க்க எலும்பைக் காட்டலாம் என்றால், எலும்பே இல்லை. 7 கோடி ஆண்டு களிமண்ணுக்குள் கிடந்தது, வெளியே வந்ததும் மழையிலும் ஈரத்திலும் நொறுங்கிப்போனது. மிஞ்சியவை சில வரைபடங்கள், 2022-இல் வெளியான சில பழைய போட்டோக்கள். அந்த போட்டோக்கள்தான் இன்று அதற்குச் சாட்சி.

அதனால்தான் சொல்கிறேன், தோண்டி எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். கிடந்தபடியே படம் எடுங்கள், பக்கத்தில் அளவு தெரிய ஏதாவது வையுங்கள், செல்போனில் இடத்தைக் குறியுங்கள். நம்மூரில் அது முதுமக்கள் தாழியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். விஏஓவிடம் சொன்னால் போதும். சரி, எந்த இடத்தில் கிடைத்தது என்று அந்த விவசாயியிடம் கேட்டேன். "கண்மாய்க்குள்ளதாண்ணே" என்றார். அது ஊரைவிடப் பெரிய கண்மாய்.

போன மாதம் அவரே வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மண்ணில் புதைந்தபடியே ஒரு பானை விளிம்பு, பக்கத்தில் அளவுக்கு அவருடைய செருப்பு.