பந்தைப் பார்க்கக் கூடாத நடுவர்கள்

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு 'பிளே', அதாவது பந்து கிளம்பி நிற்கும் வரையிலான ஒரு சுற்று ஆட்டம், சில நொடிகளில் முடிந்துவிடும். அதற்குள் 22 வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுவார்கள். அங்குள்ள தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆட்டங்களில் இதைக் கண்காணிக்க மைதானத்தில் ஏழு பேர். ஏழு பேரும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பெரும்பாலான ஃபவுல்கள் யார் கண்ணிலும் படாது. அதனால் யார் எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே பங்கு பிரித்திருக்கிறார்கள்.

வெள்ளைத் தொப்பிக்காரர்தான் ரெஃப்ரீ, குழுவின் தலைவர். மற்றவர்களுக்குக் கறுப்புத் தொப்பி. பந்தை எறியும் முக்கிய வீரரான குவாட்டர்பேக்குக்குப் பின்னால், அவர் எந்தக் கையால் எறிவாரோ அந்தப் பக்கமாக ரெஃப்ரீ நிற்பார். காரணம் இருக்கிறது: எறியும் கை முன்னோக்கி நகரத் தொடங்கிய பிறகு பந்து நழுவினால் அது பாஸ், அதாவது எறிந்ததாகவே கணக்கு; அதற்கு முன்பே நழுவினால் எதிரணி எடுத்துக்கொண்டு ஓடலாம். பந்து பறந்த பிறகும் ரெஃப்ரீ அதன் பின்னால் கண்ணை ஓட விடக் கூடாது. எறிந்து முடித்த குவாட்டர்பேக்மேல் தாமதமாக விழும் அடியைப் பிடிப்பது அவர் பொறுப்பு.

அம்பயர் முன்பெல்லாம் தடுக்கும் அணியின் நடுவே நிற்பார். ஓடிவரும் வீரர்கள் இடித்துக் கீழே தள்ளுவது வாடிக்கை. 2010-இல் அவரையும் தாக்கும் அணியின் பின்பக்கத்துக்கு மாற்றினார்கள். டவுன் ஜட்ஜும் லைன் ஜட்ஜும் பந்து கிளம்பும் கோட்டின் இரு முனைகளில் நிற்கிறார்கள். மற்ற மூவரும் தூரத்தில், தடுக்கும் அணியின் பக்கம். அவர்களில் நடுவே நிற்கும் பேக் ஜட்ஜ்தான் அடுத்த பிளேயைத் தொடங்க அணிக்குத் தரப்படும் 40 நொடிக் கடிகாரத்தைக் கவனிக்கிறார். முதலில் பூஜ்யம் விழுவதைப் பார்க்கிறார், பிறகுதான் பார்வையைப் பந்துக்குத் திருப்புகிறார். அப்போதும் பந்து அசையாமல் இருந்தால் ஃபவுல் என்று கொடி எறிவார். டிவியில் பூஜ்யம் தெரிந்தும் ஆட்டம் தொடர்வது இதனால்தான். ரசிகர்கள் இதற்காகத் திட்டுவது கொஞ்சம் அநியாயம்.

ஃபவுலுக்கு மஞ்சள் கொடி. பந்து கைநழுவிய இடத்தைக் குறிக்க நீல நிறச் சிறு பை. தூரம் போய் விழ வேண்டும் என்று கொடிக்குள் எடை வைப்பார்கள். 1999-இல் சின்ன உலோகக் குண்டுகள் வைத்த கொடி ஒன்று கிளீவ்லண்ட் வீரர் ஆர்லாண்டோ பிரவுனின் கண்ணில் பட்டு, அவர் மூன்று சீசன்கள் ஆட முடியாமல் போனது. எந்த டவுன் (10 கஜம் முன்னேற ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் எத்தனையாவது) என்பது குழம்பாமலிருக்க நடுவர்கள் மணிக்கட்டில் ஒரு எலாஸ்டிக் பட்டை கட்டியிருப்பார்கள்; அதன் வளையத்தை முதல் டவுனுக்கு ஆள்காட்டி விரலிலும் அடுத்ததற்கு நடுவிரலிலும் மாற்றி மாட்டுவார்கள்.

தீர்ப்பு பிசகுவது பெரும்பாலும் பார்க்கும் கோணத்தால். விழுந்ததை மட்டும் பார்த்து, தள்ளியிருப்பார்கள் என்று ஊகித்துக் கொடி எறிவது பெரிய குற்றம்; தொடக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். சும்மா இருந்துவிட்டாலும் சிக்கல்தான். 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் அரங்கில், பந்து வந்து சேருமுன்பே உள்ளூர் அணியான செயின்ட்ஸின் வீரரை எதிரணியான ராம்ஸின் வீரர் இடித்துத் தள்ளியதற்குக் கொடி விழவில்லை. ராம்ஸ் ஜெயித்து, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்குப் போனது. அடுத்த சீசனில் அத்தகைய தீர்ப்புகளையும் வீடியோவில் மறுபரிசீலனை செய்ய அனுமதித்தார்கள். சரிப்பட்டு வராமல் ஒரே ஆண்டில் கைவிட்டார்கள்.

இந்த வேலைக்கு வர குறைந்தது 10 ஆண்டு நடுவர் அனுபவம் வேண்டும். அதில் 5 ஆண்டு கல்லூரி அல்லது தொழில்முறை ஆட்டங்களில் இருக்க வேண்டும். பள்ளி ஆட்டங்களில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறுவதுதான் வழக்கம். உள்ளே வந்த பிறகும் பலர் சொந்தத் தொழிலை விடுவதில்லை: முன்னாள் ரெஃப்ரீக்களில் எட் ஹோக்குலி வழக்கறிஞர், வால்ட் கோல்மன் பால் பண்ணைத் தொழிலில் இருந்தவர். ஒவ்வொரு பிளேயையும் லீக் வீடியோவில் பார்த்து மதிப்பெண் போடுகிறது. போட்ட தவறான கொடிக்கும் போடாமல் விட்ட கொடிக்கும் மதிப்பெண் குறையும். பிளேஆஃப் ஆட்டங்கள் யாருக்கு என்பதை இந்த மதிப்பெண் பட்டியல்தான் முடிவுசெய்கிறது. 2015-இல் லீக்கின் முதல் நிரந்தரப் பெண் நடுவராகச் சேர்ந்த சாரா தாமஸ், 2021 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் டவுன் ஜட்ஜாக நின்றார்.

10 கஜம் கடந்ததா என்று அளக்க 2025 முதல் சங்கிலிக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஹாக்-ஐ கேமராக்கள்தான். ஆனால் அவை அளப்பது நடுவர் வைத்த பந்தைத்தான். குவியலுக்கு அடியில் பந்து எதுவரை போனது என்பதை, ஓரத்திலிருந்து ஓடி வரும் டவுன் ஜட்ஜோ லைன் ஜட்ஜோ காலை ஊன்றித்தான் இன்னமும் காட்டுகிறார்.