போர்ஷன் முடிச்சாச்சு, அப்புறம்?

ஆண்டு இறுதியில் எந்தப் பாடக்குறிப்பேட்டைப் புரட்டினாலும் அதே வரி: ‘பாடங்கள் அனைத்தும் முடிக்கப்பட்டன.’ முடித்தது ஆசிரியர். பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை.

பாடநூல்தான் கலைத்திட்டம் என்ற நினைப்பை எத்தனை முறை விரட்டினாலும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதைக் கற்பது, கற்றபின் என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று கலைத்திட்டம் இரண்டைச் சொல்கிறது. முன்னது பாடப்பொருள், பின்னது அடைவுத்தரம். பாடநூல் வெறும் கருவி. பக்கம் விடாமல் நடத்திவிட்டும் அடைவைக் கோட்டைவிடலாம். பத்துப் பக்கத்தைத் தாண்டிப் போயும் எட்டிவிடலாம்.

‘பின்னங்கள்’ பாடப்பொருள். ‘பகுதி (கீழே உள்ள எண்) வேறுபடும் இரு பின்னங்களை ஒப்பிட்டு, எது பெரியது என்று காரணத்தோடு சொல்வார்’ அடைவுத்தரம். வினைச்சொல்லைப் பாருங்கள். ‘புரிந்துகொள்வார்’ என்று எழுதிவைத்தால் அதை எந்த அளவுகோலால் அளப்பீர்கள்?

இனி வினாத்தாள். ‘3/8, 5/8: எது பெரியது?’ பகுதி ஒன்றேதான். தரம் கேட்டதை இந்தக் கேள்வி கேட்கவே இல்லை. 2/3, 5/6 கொடுத்தால்? பெரிய எண்கள் இருந்தால் பின்னமும் பெரிது என்று நம்பும் பிள்ளையும் 5/6 என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடும். 3/8, 2/5 கொடுங்கள். அந்தப் பிள்ளை 3/8 என்று மாட்டிக்கொள்ளும். 15/40, 16/40 என்று மாற்றிப் பார்த்த பிள்ளை 2/5 என்று எழுதும். காரணம் எழுத இரண்டு வரி இடம் விடுங்கள். ஊகித்து எழுதியவர் அங்கே தெரிந்துவிடுவார்.

மொத்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள். நூற்றுக்கு 60 வாங்கியவர் பின்னத்தில் பூஜ்யமாக இருக்கலாம். ரேங்க் இன்னும் மோசம்: யார் யாருக்கு முன்னே என்பதோடு அது நின்றுவிடும். தரத்தை எட்டியாயிற்றா என்று பார்ப்பது வேறு, மற்றவரோடு ஒப்பிடுவது வேறு. இந்த வேறுபாட்டை அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ராபர்ட் கிளேசர் 1963-லேயே எழுதியாயிற்று. நாம்தான் இன்னும் ரேங்க் அட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

வினாத்தாளை எழுதிவிட்டு அதற்கேற்ற தரத்தைத் தேடாதீர்கள். முதலில் தரத்தை எழுதுங்கள், எதிரே கேள்வியை வையுங்கள், இரண்டின் வினைச்சொல்லும் பொருந்துகிறதா பாருங்கள். புதிய பாடம் தொடங்குமுன் அதற்கு அடிப்படையான முந்தைய வகுப்புத் தரத்தை ஐந்து கேள்விகளில் சோதியுங்கள். ஒரு பாடவேளைகூட ஆகாது.

பெற்றோரே, ‘எத்தனை பாடம் ஆச்சு?’ என்ற கேள்வியை தயவுசெய்து விடுங்கள். இந்த மாதத்துக்கான தரம் எது, பிள்ளை எட்டிவிட்டதா என்று கேளுங்கள். பதிலோடு விடைத்தாளையும் காட்டச் சொல்லுங்கள்.