லவாஜ்: கழுவலா, அலசலா?

வென்டிலேட்டரில் இருப்பவரின் காய்ச்சல் தணியவில்லை, எக்ஸ்ரேயில் புதிதாக வெள்ளைத் திட்டு தெரிகிறது என்றால், ஐசியு மருத்துவர் வெளியே வந்து, “நுரையீரலுக்குள்ள கொஞ்சம் தண்ணி விட்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும், கையெழுத்து போடுங்க” என்பார். கேஸ் ஷீட்டில் அதன் பெயர் பிராங்கோ ஆல்வியோலார் லவாஜ், சுருக்கமாக பி.ஏ.எல். சேர்த்து வாசித்தால் ‘பால்’ ஆகிவிடும் என்பதால் தமிழில் எழுத்து எழுத்தாகச் சொல்வதே நல்லது.

லவாஜ் பிரெஞ்சுச் சொல். கழுவு என்று பொருள்படும் ‘லவே’ என்ற வினையிலிருந்து வந்தது. அதற்கும் மூலம் லத்தீனின் ‘லவாரே’. லாண்டரியும் லாவட்டரியும் இதே வேரில் முளைத்தவைதான். பிராங்கஸ் கிரேக்கம், மூச்சுக்குழல். ஆல்வியோலஸ் லத்தீன், சின்னக் குழி. இவ்விரண்டுக்கும் மூச்சுக்கிளைக்குழல், காற்று நுண்ணறை என்று பாடநூல்களிலேயே பெயர் இருக்கிறது. அதில் தகராறு இல்லை. லவாஜுக்கு என்ன சொல்வது என்பதில்தான் இருக்கிறது.

நேராகப் பெயர்த்தால் ‘கழுவல்’. விஷம் குடித்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், “வயித்தைக் கழுவிவிட்டாங்க” என்று ஊரில் சொல்வார்கள். அங்கே அந்தச் சொல் கச்சிதம்: உள்ளே இருப்பது வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். நுண்ணறைகளில் புரதம் அடைத்துக்கொள்ளும் அரிய நோய் ஒன்றுக்கு ஒரு பக்க நுரையீரலையே லிட்டர் லிட்டராக உப்புநீர் விட்டு வெளுப்பார்கள், அதுவும் கழுவல்தான். ஆனால் பி.ஏ.எல்.லில் நுரையீரலைச் சுத்தம் செய்யும் எண்ணமே கிடையாது. திரும்பி வரும் தண்ணீர்தான் வேண்டும். அரிசி களைந்தவர் அரிசியை விட்டுவிட்டுக் கழுநீரைப் பத்திரப்படுத்துவது மாதிரி. அதனால் என் ஓட்டு ‘அலசல்’ என்பதற்கே. துணியை நீரில் அலசுகிறோம், ஒரு விஷயத்தை அலசி ஆராய்கிறோம். இந்தச் சோதனையில் இரண்டுமே நடக்கின்றன. நுண்ணறை அலசல் என்றால் போதும், அதன் நீருக்கு அலசுநீர்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சொல் இன்னும் பொருந்தும். 1897இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் மருத்துவர் குஸ்தாவ் கில்லியன் மூச்சுக்குழலுக்குள் விறைப்பான குழாயை விட்டு, சிக்கியிருந்த பன்றி எலும்புத் துண்டை எடுத்தார். வளையும் குழாயை 1960களில் கொண்டுவந்தவர் ஜப்பானின் ஷிகெட்டோ இக்கேடா. ரெனால்ட்ஸ், நியூபால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974இல் அலசுநீரிலுள்ள செல்களையும் புரதங்களையும் ஆராய்ந்து எழுதிய பிறகு இது தனிச் சோதனையாகவே வளர்ந்தது. குழாயின் நுனியை ஒரு சின்னக் கிளைக்குழலில் அடைப்புப் போல நிறுத்தி, மொத்தம் 100 முதல் 300 மில்லி வரை உப்புநீரைச் சில தவணையாகச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் மெல்ல உறிஞ்சுவார்கள். விட்டதெல்லாம் திரும்பாது. மூன்றில் ஒரு பங்கு வந்தாலே திருப்தி. சிரிஞ்சில் நீரின் மேல் நுரை நின்றால் தண்ணீர் நுண்ணறை வரை போய் வந்திருக்கிறது என்று பொருள். நுண்ணறைச் சுவரிலுள்ள வழவழப்புப் பொருள்தான் அப்படி நுரைக்கிறது. தவணைக்குத் தவணை நீர் மேலும் சிவந்தால் நுண்ணறைகளுக்குள்ளேயே ரத்தக் கசிவு இருக்கலாம். குழாய் உரசி வந்த ரத்தமானால் போகப் போக வெளிறும்.

இதையெல்லாம் செயற்கை மூச்சில் இருப்பவரிடம் செய்யும்போதுதான் கவலை. அவர் மூச்சு வந்து போகும் ஒரே வழி தொண்டைக்குள் இருக்கும் டியூப். அதற்குள்ளேயே ஸ்கோப்பும், அதாவது அந்த வளையும் குழாயும், நுழைய வேண்டும். 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள டியூபில் 5.7 மில்லிமீட்டர் ஸ்கோப்பை விட்டால் காற்று போகும் வழியில் பாதி அடைபட்டுவிடும். 7 மில்லிமீட்டர் டியூபானால் மூன்றில் இரண்டு பங்கு. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கமாக மாறுவதால் வரும் கணக்கு இது. டியூப் ஸ்கோப்பைவிட 2 மில்லிமீட்டராவது அகலமாக இருக்க வேண்டும் என்று வைத்திருப்பது அதனால்தான்.

வென்டிலேட்டர் திரையில் என்ன தெரியும்? மூச்சுக்கு இத்தனை காற்று என்று கொள்ளளவைக் கட்டுப்படுத்தும் முறையில் வைத்திருந்தால் உச்ச அழுத்தம் விருட்டென்று ஏறி அலாரம் கத்தும். அந்த அழுத்தத்தில் பெரும்பகுதி ஸ்கோப்பைத் தாண்டுவதிலேயே செலவாகிறது. நுண்ணறைக்கு அவ்வளவும் போய்ச் சேர்வதில்லை. ஆனால் அலாரம் எல்லையை முன்கூட்டியே உயர்த்தாவிட்டால் இயந்திரம் மூச்சைப் பாதியில் வெட்டிவிடும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் முறையில் கதையே வேறு. அழுத்தம் அசையாது, உள்ளே போகும் காற்றின் அளவு சத்தமில்லாமல் குறையும். அங்கே அழுத்தத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் ஏமாந்துபோவார். வெளிமூச்சும் முழுக்க வெளியேறாமல் உள்ளே காற்று தேங்கும். போதாக்குறைக்கு உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்தே வெளியேறுகிறது. முன்னதாகவே ஆக்சிஜனை 100 சதவீதமாக ஏற்றிவிட்டுத்தான் தொடங்குவார்கள். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 90க்குக் கீழே இறங்கினால் ஸ்கோப்பை வெளியே இழுத்து, ஆள் தேறும்வரை நிறுத்துவது வழக்கம்.

அப்புறம், ஸ்கோப் வெளியே வந்ததோடு வேலை முடிவதில்லை. திரும்பாத தண்ணீர் உள்ளேதான் இருக்கிறது. உள்மூச்சின் முடிவில் ஒரு கணம் பிடித்து நிறுத்தி எடுக்கும் சமநிலை அழுத்தம் இங்கே உதவும். காற்றோட்டம் நின்றிருப்பதால் டியூபின் தடை கணக்கில் வராது, நுரையீரலின் இறுக்கம் மட்டும் தெரியும். 400 மில்லி மூச்சுக்கு அந்த அழுத்தம் 21, வெளிமூச்சின் முடிவிலும் விட்டுவைக்கும் அடி அழுத்தமான பீப் 5 என்றால், விரிதிறன், அதாவது ஓர் அலகு அழுத்தத்துக்கு நுரையீரல் எத்தனை மில்லி விரிகிறது என்பது, 400ஐ 16ஆல் வகுத்து 25. அலசிய பிறகு சமநிலை அழுத்தம் 25 ஆக ஏறினால் விரிதிறன் 20 ஆகிவிடுகிறது. ஆக்சிஜன் அளவும் சில மணி நேரம் தாழ்ந்திருக்கலாம், லேசான காய்ச்சலும் வரலாம். அலசிய இடம் மறுநாள் எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரிந்தால் நோய் பரவிவிட்டது என்று பதறத் தேவையில்லை.

ஸ்கோப் இல்லாமல், டியூப் வழியாக ஒரு மெல்லிய குழலை முட்டும்வரை செலுத்தி 20 மில்லியளவில் நீர் விட்டு எடுப்பதும் உண்டு, மினி பி.ஏ.எல். குறு அலசல் எனலாம். டியூபில் திரண்ட சளியை வெறுமனே உறிஞ்சி அனுப்புவது அலசலே அல்ல, அது உறிஞ்சல். பெரிய குழலில் கொஞ்சம் நீர் விட்டு எடுக்கும் பிராங்கியல் வாஷும் வேறு. சீட்டில் எல்லாவற்றுக்கும் ‘கழுவிய நீர்’ என்றே எழுதினால் லேபில் குழப்பம் வரும். அலசுநீரில் ஒரு மில்லிக்கு 10,000 கிருமித் தொகுதிகள் வளர்ந்தாலே நிமோனியாவைச் சந்தேகிப்பார்கள்; உறிஞ்செடுத்த சளியில் அதே எண்ணிக்கையைப் பொருட்படுத்தமாட்டார்கள், அதற்கு லட்சம் முதல் பத்து லட்சம் வரை வேண்டும்.