நூலகத்திலிருந்து பாட்டு வந்து சேரும் வழி

சேலம் கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றில், நூலகமே மாணவர்களுக்கு இணையம் வழியாக இசை வழங்கினால் எப்படி இருக்கும்? இப்படி ஒரு திட்டம் பேசப்படும்போது முதலில் எழுவது வேகத்தைப் பற்றிய கவலைதான். நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் இணைப்பு தாங்குமா? தாராளமாகத் தாங்கும்.

குறுந்தகட்டில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிகிறார்கள். மனிதக் காதுக்கு எட்டும் உச்ச அதிர்வெண் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதைப் பிடிக்க இருமடங்குக்கும் மேல் அளவெடுக்க வேண்டும். ஓர் அளவுக்கு 16 பிட் (பிட் என்பது கணினித் தகவலின் மிகச் சிறிய அலகு), இடம் வலம் என இரண்டு தடம். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 14 லட்சம் பிட்டுக்குச் சற்று மேல் வரும். அப்படியே அனுப்பினால் நூறு பேருக்கு நொடிக்கு 141 மெகாபிட் (ஒரு மெகாபிட் பத்து லட்சம் பிட்) வேண்டும். ஆளுக்கு நொடிக்கு 128 கிலோபிட்டாகச் சுருக்கிவிட்டால் 12.8 மெகாபிட் போதும்; அதற்கு வீட்டு இணைப்பே மிஞ்சும்.

பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகும் பாட்டு பாட்டாகவே கேட்பதற்குக் காரணம் நம் காதின் பலவீனம். உரத்த ஒலி ஒன்று ஒலிக்கும்போது, அதை ஒட்டிய அதிர்வெண்ணில் உள்ள மெல்லிய ஒலி காதில் ஏறுவதில்லை. உரத்த ஒலிக்குச் சில மில்லிநொடி முன்னால் வந்ததும், அது ஓய்ந்த சிறிது நேரம் வரை வருவதும்கூட மறைந்துவிடுகின்றன. எம்.பி.3 போன்ற முறைகள், எப்படியும் கேட்காது என்று கணிக்கும் பகுதிகளுக்கு மிகக் குறைந்த பிட்டுகளையே ஒதுக்குகின்றன.

இந்தக் கஞ்சத்தனம் அம்பலமாவது, கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில். எம்.பி.3 ஒலியைச் சிறு சிறு பகுதிகளாக வெட்டிக் கணக்கிடுகிறது. ஒரு பகுதியின் பாதி அமைதியாக இருந்து, மறுபாதியில் கஞ்சிரா அடி சட்டென்று விழுந்தால், கணக்கின் பிழை பகுதி முழுவதும் பரவும். அடி விழுவதற்கு முன்பே மெல்லிய இரைச்சல் கேட்கும். தெறிக்க வேண்டிய அடி பஞ்சில் விழுந்ததுபோல் மழுங்கிவிடும். பேச்சுக்கு 64 கிலோபிட் போதும். தாள வாத்தியத்தை அதில் கேட்பது வாத்தியக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

பாட்டு ஒரே கோப்பாகவும் போவதில்லை. ஆறு நொடி அளவுள்ள துண்டுகளாக, ஒவ்வொன்றும் பல தரங்களில், சர்வரில் காத்திருக்கும். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் முதலில் செல்பேசிக்கு வரும். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஊருக்குப் போகும் மாணவி ஒருத்தி பஸ்ஸில் பாட்டுக் கேட்கிறாள் என்று வையுங்கள். பாறைக்குப் பின்னால் பஸ் திரும்பியதும் சிக்னல் தேய்கிறது; துண்டு வரத் தாமதமாகிறது. அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் அனுப்பும்படி செல்பேசியே கேட்டு வாங்கிக்கொள்ளும். இதைத் தீர்மானிப்பது சர்வர் அல்ல. எட்டு பிட் ஒரு பைட் என்ற கணக்கில், 128 கிலோபிட் தரத்தில் ஒரு துண்டு 96 கிலோபைட்தான் என்பதால் ஐந்து துண்டுகளை முன்கூட்டியே சேர்த்துவைப்பதும் சுலபம். அரை நிமிடம் சிக்னலே இல்லாவிட்டாலும் பாட்டு நிற்காது.

யார் கேட்கலாம் என்பதற்கும் வழி உண்டு. வளாகத்துக்குள் இருப்பவரைப் பல்கலைக்கழகத்தின் ஐ.பி. முகவரியே காட்டிக்கொடுத்துவிடும். வெளியே இருப்பவர் கடவுச்சொல் கொடுத்து நூலகத்தின் இடைநிலை சர்வர் வழியாக நுழைய வேண்டும். நாக்சாஸ் மியூசிக் லைப்ரரி போன்ற சந்தா சேவைகளில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் கேட்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பத்துப் பேருக்குச் சந்தா கட்டியிருந்தால் பதினோராவது ஆள் காத்திருக்க வேண்டியதுதான்.

சந்தாவுக்கு வெளியே, உள்ளூர்ச் சொத்து ஒன்றும் இருக்கிறது. ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனக் காலத்துப் படப்பாடல்கள், பழைய இசைத்தட்டுகளாக எத்தனையோ வீட்டுப் பரண்களில் கிடக்கலாம். அவற்றை எண்ணிமமாக்கலாம், ஆனால் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டின் பள்ளம் அகலமானது, பின்னாளில் வந்த எல்.பி. தட்டுக்கான ஊசி அதற்கு உதவாது. சட்டமும் குறுக்கே வரும். 1960இல் வெளியான ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டுக் கணக்குப்படி 2020 முடிவோடு தீர்ந்துவிட்டது. பாடலாசிரியரின் உரிமையும் இசையமைப்பாளரின் உரிமையும் அப்படியல்ல. அவரவர் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டு நீடிக்கும்.

என் கணிப்பில் உண்மையான சிக்கல் தேடுபொறியில்தான். ‘தோடி’ என்று தேடினால் கர்நாடக இசைத் தோடியும் இந்துஸ்தானி தோடியும் சேர்ந்தே வந்து விழும். இரண்டும் வெவ்வேறு ராகங்கள். இந்துஸ்தானி தோடி நம் சுபபந்துவராளிக்கு நெருக்கமானது. நம் தோடியின் சுரங்களோ அங்கே பைரவியில் இருக்கின்றன. ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் இல்லாத பட்டியலில் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க முடியாது. அந்தக் கட்டங்களைக் கேட்டுக் கேட்டு நிரப்ப இசை தெரிந்த ஆள் வேண்டும். சர்வருக்கு விலைப்புள்ளி கேட்கும்போதே அவருடைய சம்பளத்தையும் திட்ட மதிப்பீட்டில் சேர்த்துவிடுவது நல்லது.